'நாங்கள்' என்று எழுதினால் மதிப்பெண் குறையுமா?

உளுந்தூர்பேட்டை பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு டீக்கடை. எங்கள் ஊர்க் காலனியைச் சேர்ந்த தம்பி, வீட்டில் முதல் பட்டதாரி, தனியார் பிசினஸ் ஸ்கூல் ஒன்றின் விண்ணப்பத்தைக் கைப்பேசியில் காட்டினான். 'நீங்கள் தலைமையேற்று நடத்திய ஒரு செயலை விவரிக்கவும்.' ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மற்றதையெல்லாம் நிரப்பியவன் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தான்.

"நமக்கு ஏதுக்கா லீடர்ஷிப்பு?"

இதே தம்பிதான் சுடுகாட்டுப் பாதைக்காக வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினான். திங்கள்கிழமை மனுநாளில் நான்கு முறை வரிசையில் நின்றான். கடைசியில் சர்வேயர் வந்து அளந்து கல் நட்டார். நகரத்துப் பிள்ளை ஒருவன் இதைச் செய்திருந்தால், காசு வாங்கும் ஆலோசகர் இதற்கு 'ஸ்டேக்ஹோல்டர் மேனேஜ்மென்ட்' என்று பெயர் சூட்டியிருப்பார். நம் பிள்ளைக்கு அது வெறும் ஊர் வேலை. தன் உழைப்பைத் தகுதி என்று எண்ணவே விடாமல் வைத்திருப்பதுதான் சாதியின் வெற்றி.

'ஆளுமை' என்ற அளவுகோல் எங்கே பிறந்தது? 1922-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் லோவெல், யூத மாணவர்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்க முயன்றார். எதிர்ப்பு எழுந்தது. சில ஆண்டுகளில் 'குணநலன்', நேர்காணல், புகைப்படம் எல்லாம் சேர்க்கைக்குள் நுழைந்தன. மதிப்பெண்ணில் வென்றவர்களைக் குணநலனில் தோற்கடித்தார்கள். சமூகவியலாளர் ஜெரோம் காரபெல் 2005-ல் வெளியிட்ட நூல் இதை ஆவணப்படுத்துகிறது.

அப்படியென்றால் மதிப்பெண் மட்டும் போதுமா? தேர்வும் நடுநிலையானதல்ல என்பதை 2017-ல் அனிதாவின் சாவு நமக்குச் சொன்னது. 1176 மதிப்பெண் எடுத்த பெண்ணை நீட் வெளியே நிறுத்தியது. வாழ்க்கையைக் கேட்கும் கட்டுரை நமக்கு எதிரி அல்ல. அதை யார் படிக்கிறார்கள், யாருடைய வாழ்க்கையை அளவாக வைத்துப் படிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

தம்பி எழுதிய முதல் வரைவு முழுக்கக் கண்ணீர். அப்பாவின் கரும்பு வெட்டு, ஒழுகும் கூரை. அடித்துவிட்டேன். "நம்ம வறுமைய அவங்களுக்குக் காட்சிப்பொருளாக்காத. நீ என்ன முடிவெடுத்த, எங்க தப்பு பண்ண, அப்புறம் எதை மாத்தின, அதை எழுது" என்றேன். யோசித்துச் சொன்னான்: முதல் மனுவில் பெண்களிடம் கையெழுத்தே வாங்கவில்லை, இரண்டாம் முறை அவர்கள்தான் முன்னால் நின்றார்கள். கட்டுரை அங்கேதான் உயிர் பெற்றது.

பிறகு நானே ஒரு தவறு செய்தேன். 'நாங்கள்' என்று இருந்த இடங்களையெல்லாம் 'நான்' என்று மாற்றச் சொன்னேன். அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள் என்றேன்.

"கையெழுத்துப் போட்டவங்க எல்லாம் இல்லாமப் போயிடுவாங்களேக்கா" என்றான்.

ஆய்வேட்டில் சாதியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் எனக்குத் தலை குனிந்தது. அவன் முடிவெடுத்த இடத்தில் மட்டும் 'நான்'. மற்ற இடமெல்லாம் 'நாங்கள்'. அப்படியே அனுப்பினோம். முடிவு இன்னும் வரவில்லை.

ஒரு தம்பியின் நேர்மையை நம்பி நீதி காத்திருக்க முடியாது. தனியார் கல்வி நிறுவனங்களிலும் இட ஒதுக்கீட்டுக்கு வழிசெய்யும் 15(5) பிரிவு, 2005-ல் நிறைவேறிய 93ஆவது திருத்தத்தால் வந்தது. 2014-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. ஆனால் தனியார் நிறுவனங்களுக்கு நாடு முழுவதற்குமான சட்டத்தை நாடாளுமன்றம் இன்னும் இயற்றவில்லை. அதை இயற்று என்று கேட்போம். கட்டுரைக்கும் நேர்காணலுக்கும் வழங்கும் மதிப்பெண்களைப் பிரிவுவாரியாக வெளியிடு என்று கேட்போம். பெயரையும் ஊரையும் மறைத்துவிட்டுக் கட்டுரையைத் திருத்து என்று கேட்போம்.

அதுவரை, பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்துவிட்ட தோழர்களே, ஆளுக்கொரு தம்பி தங்கையின் கட்டுரையை வாங்கிப் படியுங்கள். காசு வாங்காமல். முக்கியமாக, அவர்களுடைய 'நாங்கள்' மீது கை வைக்காமல்.