சுகம் வரும்போதுதான் கூடுதல் கவனம்



கடந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்று என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. மாவனல்லையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். அவர்கள் வீட்டுப் பூனைக்கு நீரிழிவு என்று கண்டு, மிருக வைத்தியர் இன்சுலின் கொடுத்திருக்கிறார். இரண்டு மாதமாகக் காலையும் மாலையும் ஊசி போடுகிறார்கள். "இப்போது ஓடியாடித் திரிகிறது. தண்ணீர் குடிப்பதும் குறைந்துவிட்டது. ஊசியால்தான் சுகம் என்று அதே அளவில் தொடர்கிறோம். சரிதானே?" என்பது அவரது கேள்வி. "பூனைக்கும் சீனி வருத்தமா என்று வீட்டுக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள்" என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இந்தக் கேள்வியை நான் உரிய நேரத்தில் கேட்காமல் விட்டதால், எங்கள் வீட்டுப் பூனை ஒருநாள் சாவின் வாசல் வரை போய்த் திரும்பியது. அதை எழுதினால் அந்தச் சகோதரிக்கும் வேறு சில வீடுகளுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

எங்கள் பூனையின் பெயர் சுல்தான். பெயருக்கேற்ற உடம்பு. நலம் எடுத்த கடுவன், பதினொரு வயது, 7 கிலோவுக்கு மேல் எடை. மூன்று வேளையும் சோறும் மீனும் பிசைந்து தின்றுவிட்டு, குசினித் திண்ணையில் படுத்துக் கிடப்பான். வயதான, பருத்த, நலம் எடுத்த கடுவன்களுக்குத்தான் இந்த நோய் அதிகம் வருகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. திடீரென்று வாளித் தண்ணீரைத் தேடிக் குடித்தான். மணல் தட்டு ஒவ்வொரு நாளும் ஈரமாகக் கிடந்தது. நன்றாகத் தின்றும் மெலிந்தான். பின்னங்கால்களின் குதியைத் தரையில் பதித்து, தள்ளாடி நடந்தான். இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்த டொக்டர், நீரிழிவு என்றார். காலுக்குப் போகும் நரம்புகளையும் சீனி கெடுத்திருக்கிறது என்றார்.

காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ஒரு யுனிட் இன்சுலின். இரண்டு வாரத்தின் பின் அது இரண்டாக உயர்ந்தது. சோற்றை நிறுத்தி, மாச்சத்துக் குறைந்த பூனை உணவுக்கு மாற்றச் சொன்னார். ஊசியும் உணவும் சேர்ந்து வேலை செய்தன. ஆறாம் வாரம் சுல்தான் மதிலில் பாய்ந்து ஏறினான். அல்ஹம்துலில்லாஹ் என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த கிளினிக் நாளையும், ஆள் சுகமாகத்தானே இருக்கிறான் என்று தள்ளிப் போட்டேன். நான் செய்த பிழை அதுதான்.

அந்தக் கிழமையே ஒருநாள், காலைச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டான். நான் வழக்கம்போல ஊசியைப் போட்டேன். பதினொரு மணியளவில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு விதமாகக் கத்தும் சத்தம் கேட்டது. வெளியே எடுத்து விட்டால் கால்கள் பின்னிக்கொண்டன. கண்மணி விரிந்திருந்தது. தலை நடுங்கியது. பழைய கால் பலவீனம் திரும்பிவிட்டது, மருந்து போதவில்லை போலும் என்றுதான் நான் நினைத்தேன். பின்னேரம் ஊசியைக் கொஞ்சம் கூட்டினால் என்ன என்றுகூட யோசித்தேன்.

கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த உம்மா சத்தம் போட்டார். "மகள், அதுக்கு சீனி எறங்கி ஈக்குது. எனக்கும் இப்படித்தானே வாறது. ஓடிப்போய்த் தேனைக் கொண்டு வாங்க!"

உம்மா பதினெட்டு வருடமாக இன்சுலின் போடுகிறவர். அவருடைய மீற்றரில் சுல்தானின் காதோரத்து இரத்தத் துளியை வைத்தோம். 42 என்று காட்டியது. விரலில் தேன் எடுத்து ஈறில் தடவினேன். சற்றுத் தலை நிமிர்ந்ததும் உணவு கொடுத்து, த்ரீவீலரில் கிளினிக்குக்கு ஓடினோம். அன்று மாலை வரை குளுக்கோஸ் ஏற்றி வைத்திருந்தார்கள்.

"நோய் கூடவில்லை, குறைந்திருக்கிறது. நீங்கள் ஊசியைக் குறைக்கவில்லை" என்றார் டொக்டர். அவர் விளங்கப்படுத்தியது இதுதான். பூனைகளுக்கு வரும் நீரிழிவு பெரும்பாலும் நம் பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகையைப் போன்றது. இரத்தத்தில் சீனி நெடுநாள் உயர்ந்திருந்தால், இன்சுலின் சுரக்கும் கணையக் கலங்களே சோர்ந்துவிடுகின்றன. ஊசியாலும் உணவாலும் சீனி இறங்கும்போது அந்தக் கலங்களுக்கு ஓய்வு கிடைக்கிறது. சில பூனைகளில் அவை மீண்டும் சுரக்கத் தொடங்குகின்றன. அப்போது உடம்பே சுரக்கும் இன்சுலினும் நாம் போடும் இன்சுலினும் சேர்கின்றன. நேற்று உயிர் காத்த அளவு இன்று உயிரை எடுக்கும் அளவாகிறது.

ஆகவே மாவனல்லைச் சகோதரிக்கு என் பதில்: சுகம் தெரிகிறது என்றால், அளவு இன்னும் பொருந்துகிறதா என்று அளந்து பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. குறைக்க வேண்டி வரலாம் என்பதற்கு டொக்டர் எனக்குச் சொல்லித் தந்த அடையாளங்கள் இவை.

ஊசி போட்டு நான்கு முதல் எட்டு மணித்தியாலத்துக்குள் சீனி பொதுவாக ஆகக் கீழே இறங்கும். அந்த ஆகக் குறைந்த எண் 80க்கும் 150க்கும் இடையில் இருப்பது நல்லது. 80க்குக் கீழே போனால் அடுத்த ஊசிக்கு முன் வைத்தியருடன் கதைக்க வேண்டும். 60க்குக் கீழே போவது ஆபத்து.

ஊசி போடும் நேரத்திலேயே சீனி சாதாரண அளவில் இருந்தால், கேட்காமல் போட வேண்டாம். சிறுநீர்ப் பட்டியில் நாட்கணக்காகச் சீனியே காட்டாவிட்டாலும் அறிவியுங்கள். சிறுநீர்ப் பட்டி சீனி கூடியதைக் காட்டுமே தவிர, அளவுக்கு மீறி இறங்கியதைக் காட்டாது.

உணவு மாறினாலும் தேவை மாறும். சோற்றிலிருந்து மாச்சத்துக் குறைந்த உணவுக்கு மாற்றினால் சில நாட்களிலேயே இன்சுலின் தேவை இறங்கலாம். பருத்த பூனை மெலிந்தாலும், பல், சிறுநீர்ப்பை போன்ற இடங்களில் இருந்த கிருமித் தொற்று சுகமானாலும், ஸ்டீரொய்ட் மருந்து நிறுத்தப்பட்டாலும் அப்படியே. இவற்றில் எது நடந்தாலும் வைத்தியருக்குத் தெரியப்படுத்துங்கள்.

ஊசி போட்டுச் சில மணித்தியாலத்தில் சோர்ந்து ஒளிந்துகொள்வது, அளவில்லாப் பசி, தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு ஆகியவை சீனி இறங்கியதன் அறிகுறிகள். பொறுத்திருந்து பார்க்கும் விடயம் அல்ல. தேன் அல்லது சீனிப்பாகை விரலால் ஈறில் தடவுங்கள். மயங்கிய பூனையின் வாயில் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். வலிப்பு வந்தால் கடிபடாமல் கவனம். கொஞ்சம் தெளிந்தாலும் வைத்தியரிடம் கொண்டு போகத்தான் வேண்டும். தேனின் பலன் தீர்ந்த பின்னும் இன்சுலின் வேலை செய்துகொண்டிருக்கும்.

குறைப்பதற்கும் முறை உண்டு. சுல்தானுக்கு இரண்டு யுனிட்டை ஒன்றாக்கினார்கள். பிறகு அரை யுனிட். சீனி வெறுமனே சற்றுக் குறைவாக இருந்தால் பொதுவாகக் கால் அல்லது அரை யுனிட்டாகக் குறைப்பார்கள். எங்களுக்கு நடந்ததுபோல் அறிகுறியோடு இறங்கினால் பாதியாகவே குறைப்பதும் உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின் ஒரு கிழமையளவு பார்த்துத்தான் அடுத்தது. இன்னும் தேவைப்படும் பூனைக்கு நாமாக ஒரேயடியாக ஊசியை நிறுத்தினால், இரத்தத்தில் கீற்றோன் என்னும் அமிலம் சேர்ந்து அதுவும் உயிருக்கு ஆபத்தாகும். ஆனால் பூனை சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது, சோர்ந்து கிடக்கிறது என்றால் ஊசியைக் கையில் எடுக்கும் முன் தொலைபேசியைக் கையில் எடுங்கள். ஒரு வேளை ஊசி தவறுவதைவிட ஒரு வேளை அளவு மீறுவதுதான் பெரிய ஆபத்து.

நாம் ஏமாறும் இடங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். கிளினிக்கில் பயந்த பூனைக்கு, பயத்தினாலேயே சீனி ஏறும். அந்த ஒரு எண்ணை வைத்து அளவைக் கூட்ட முடியாது. வீட்டில் அமைதியாக எடுத்த எண்கள்தான் உதவும். மனிதருக்கான மீற்றர் பூனை இரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். எதைப் பாவிக்கிறீர்கள் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள், இடையில் மாற்ற வேண்டாம். ஆனால் பூனை தள்ளாடும்போது எண் குறைவாகக் காட்டினால், அதை நம்பி உடனே தேனை எடுங்கள்.

சிரிஞ்சிலும் கவனம். மில்லிலீற்றருக்கு 100 யுனிட் உள்ள இன்சுலினும் உண்டு, 40 யுனிட் உள்ளதும் உண்டு. 100 யுனிட் மருந்தை 40க்கான சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும். பாமசியில் வேறு சிரிஞ்சைத் தந்தால் வாங்காதீர்கள்.

கடைசியாக, வீட்டு விடயம் ஒன்று. எங்கள் ஊசி நேரம் மாலை 6 மணி. நோன்பு காலத்தில் கஞ்சியும் பலகாரமுமாகக் குசினி அல்லோலகல்லோலப்படும் நேரம் அது. போன ரமழானில் ஒருநாள் மகள் ஊசியைப் போட்டுவிட்டாள். அது தெரியாமல் நானும் சிரிஞ்சை எடுத்துவிட்டேன். நல்ல வேளை, மருந்து ஏறும் முன் அவள் கண்டாள். அன்று முதல் ப்ரிஜ்ஜின் மேல் ஒரு கொப்பி கிடக்கிறது. நேரம், அளவு, சாப்பிட்டது, சீனி எண், போட்டவர் பெயர் எல்லாம் அதில் எழுதப்படும். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போடுவதில்லை. டொக்டர் அளவைக் குறைத்ததெல்லாம் அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான்.

இந்த வருடம் நோன்பு முடிந்து சில நாளில் சுல்தானின் அரை யுனிட்டும் நின்றது. ஊசியில்லாமல் நான்கு வாரம் சீனி சாதாரணமாக இருந்தால்தான் நோய் ஓய்ந்தது என்று சொல்லலாமாம். அந்த நான்கு வாரம் கடந்துவிட்டது. எல்லாப் பூனைக்கும் இது கிடைப்பதில்லை. கிடைத்தாலும் நோய் திரும்பி வரலாம். அதனால் எடையும் சீனியும் இன்னும் பார்க்கிறோம். சோறு திரும்பவும் இல்லை.

உம்மாவுக்கும் இப்போது சாப்பாடு குறைந்திருக்கிறது. சுல்தானைப் பார்த்த பிறகு எனக்கு அது உறைத்தது. அவருடைய ஊசி அளவைக் கடைசியாக எப்போது டொக்டரிடம் காட்டினோம் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. போன கிழமை கூட்டிக்கொண்டு போனேன். நான்கு யுனிட் குறைத்தார்கள். "பூனைக்குப் பாத்த பொறவுதான் எனக்குப் பாத்தீங்க" என்று உம்மா சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.