சின்ன ஜீப்புக்கு மட் டயர்... யாருக்கு அவசியம், யாருக்கு வீண் செலவு?

மழைக்காலம் தொடங்கிவிட்டால் டயர் கடைகளில் ஒரு பேச்சு அடிக்கடி கேட்கும்.

"அண்ணே, ஜிம்னிக்கு மட் டயர் போடணும். பெரிய பட்டனா, பார்க்கவே முரட்டுத்தனமா இருக்கணும்."

"போட்டுடலாம் தம்பி. வண்டி எங்கே ஓடுது?"

"வீட்டுல இருந்து ஆபீஸ். மாசத்துக்கு ஒருதடவை ஊர்ல தோட்டத்துக்குப் போவேன்."

நல்ல கடைக்காரராக இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிப்பார். ஏனென்றால், மாதத்தில் ஒருநாள் சேற்றுக்காக மீதி 29 நாளும் தார் ரோட்டில் மட் டயரோடு ஓட வேண்டியிருக்கும். அந்த 29 நாளில்தான் பிள்ளைகள் பின்சீட்டில் இருப்பார்கள், மழையில் சடன் பிரேக் போட வேண்டி வரும். டயர் விஷயத்தில் அழகைவிட இந்தக் கணக்குதான் முக்கியம்.

1985-ல் இந்தியாவுக்கு வந்த மாருதி ஜிப்ஸி, 2023-ல் வந்த ஐந்து கதவு ஜிம்னி என நம் ஊரில் சின்ன ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கு எப்போதுமே ரசிகர்கள் உண்டு. ஜிம்னியின் எடை சுமார் 1,200 கிலோ, டார்க் 134 நியூட்டன் மீட்டர். பெரிய எஸ்.யூ.வி-க்குப் பொருந்தும் டயர் ஆலோசனைகள் இவ்வளவு லேசான வண்டிக்கு அப்படியே பொருந்தாது.

மூன்று வகை டயர்கள்

ஹெச்.டி என்பது ஹைவே டயர். ஜிம்னி கம்பெனியிலிருந்து வரும்போது இதுதான் இருக்கும். பட்டன்கள் நெருக்கமாக இருப்பதால் சத்தம் குறைவு, தார் ரோட்டில் பிடிப்பு அதிகம். சேற்றில் இறங்கினால் இடுக்குகள் அடைத்துக்கொண்டு டயர் வழவழவென்று ஆகிவிடும்.

ஏ.டி என்பது ஆல் டெரெய்ன். தார் ரோடு, மண் ரோடு இரண்டுக்கும் நடுவில் நிற்கும் டயர்.

எம்.டி என்பதுதான் மட் டயர். பெரிய பட்டன்கள், அவற்றுக்கு நடுவே அகலமான இடைவெளி. சக்கரம் சுழலும் வேகத்தில் இடைவெளியில் சிக்கிய சேறு வெளியே வீசப்படும், அடுத்த சுற்றில் பட்டன் மறுபடி மண்ணைக் கவ்வும். டயரின் பக்கச் சுவரிலும் முட்டு முட்டாகப் பட்டன்கள் நீண்டிருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அதன் சுவரைப் பிடித்து ஏற அவை உதவும்.

அந்த இடைவெளியே தார் ரோட்டில் குறையாகிவிடுகிறது. இடைவெளி அதிகம் என்றால் ரோட்டைத் தொடும் ரப்பர் குறைவு. உயரமான பட்டன்கள் வளைவில் லேசாக நெளியும். ஈர ரோட்டைப் பற்றிக்கொள்ள உதவும் மெல்லிய கீறல்களும் மட் டயரில் குறைவு. அதனால் மழையில் பிரேக் அடித்தால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். மழை நாளில் அங்கே குடும்பத்தோடு இறங்குகிறவருக்கு, நல்ல ஹெச்.டி அல்லது ஏ.டி டயர் தரும் நிம்மதியை மட் டயர் தராது. இதோடு இரைச்சல், கூடுதல் எடை, மைலேஜ் இழப்பும் உண்டு.

மண்ணைப் பொறுத்து டயர்

'சேறு' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஊருக்கு ஊர் மண் வேறு, டயரும் வேறு.

கரிசல்: கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மண் தண்ணீரைக் குடித்து உப்பிக்கொள்ளும். மழை விட்ட மறுநாள் அதில் இறங்கினால் மட் டயரும் நாலு சுற்றில் மண் உருண்டையாகிவிடும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் அடைத்து சக்கரம் சுற்றவே முடியாமல் போகும். பெரிய சைஸ் டயர் போட்டிருந்தால் அந்த இடைவெளி இன்னும் குறைவு, சிக்கல் இன்னும் அதிகம். அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த வைத்தியம், ஒரு நாள் வெயில் அடிக்கும்வரை வண்டியை மேட்டிலேயே நிறுத்திவிடுவதுதான்.

டெல்டா வயல்: தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் வருடக்கணக்காகச் சேற்று உழவு செய்த நிலங்களில், மேலே மெத்தென்ற சேறும் அடியில் இறுகிய ஒரு படுகையும் இருக்கும். இங்கே வண்டி மிதப்பதைவிட, சேற்றைக் கிழித்து அடியில் இருக்கும் கெட்டியான தரையைத் தொடுவது நல்லது. லேசான வண்டிக்கு அகலம் குறைந்த மட் டயர் கைகொடுக்கும் இடம் இது.

மலைத்தோட்டச் செம்மண்: கொடைக்கானல் கீழ்மலை, ஏற்காடு போன்ற இடங்களின் காபித் தோட்டப் பாதைகளில் பெரும்பாலும் மேல்மண் மட்டும்தான் வழுக்கும், அடியில் கெட்டியாக இருக்கும். நல்ல ஏ.டி டயரும் ஃபோர் வீல் டிரைவும் போதும். டிராக்டர் ஓடி ஓடி ஆழமான தடம் விழுந்த பாதையில் தினமும் போக வேண்டியவர் மட்டும் மட் டயர் பற்றி யோசிக்கலாம்.

கல் பாதை: கொழுக்குமலைக்கு ஜீப்பில் போனவர்களுக்கு அந்தப் பாதை நினைவிருக்கும். அங்கே சேற்றைவிடக் கூர்மையான கற்கள்தான் எதிரி. டயரின் பக்கச் சுவர் பலமாக இருக்க வேண்டும். பட்டன் எவ்வளவு பெரிது என்பது இரண்டாவது விஷயம்.

தேரி மணல்: தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிச் செம்மணலில் மட் டயர் மண்வெட்டி மாதிரி. ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்தத் தோண்டிக்கொண்டு உள்ளே போகும். இங்கே காற்றைக் குறைத்த சாதாரண டயரே மேல்.

சைஸ் ஆசை

ஜிம்னியின் டயரில் 195/80 R15 என்று இருக்கும். அகலம் 195 மில்லி மீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவிகிதம், அதாவது 156 மி.மீ. ரிம் 15 இன்ச். மொத்த விட்டம் 693 மி.மீ.

இதற்குப் பதிலாகப் பலர் ஆசைப்படும் 235/75 R15 போட்டால் விட்டம் சுமார் 733 மி.மீ ஆகும். வண்டி உயர்வது அதில் பாதிதான், அதாவது 2 சென்டி மீட்டர். அந்த 2 செ.மீ-க்குக் கொடுக்கும் விலை கொஞ்சம் அதிகம். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-க்கு மேல் போகும். சின்ன இன்ஜின் கனமான சக்கரத்தைச் சுழற்றத் திணறும். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது டயர் உரசலாம். ஸ்டெப்னி பின்கதவில் தொங்குவதால் கதவின் கீல்களுக்கும் பாரம் கூடும்.

சட்டமும் குறுக்கே நிற்கும். தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே சைஸில் பட்டன் வகையை மட்டும் மாற்றினால் இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. லேசான வண்டிக்கு அந்த ஒல்லி டயரே பலம் என்பதால் சேற்றிலும் பெரிய நஷ்டமில்லை.

காசில்லாத மட் டயர்

புது டயர் வாங்கும் முன் ஒரு விஷயத்தை முயன்று பார்க்கலாம். அது காற்று. தார் ரோட்டில் 26 பாயின்ட் வைத்து ஓட்டுகிறவர், சேற்றிலோ மணலிலோ இறங்கும் முன் 18 பாயின்டுக்குக் குறைத்தால் டயர் தரையில் நீளமாகப் படியும், பிடிப்பு கூடும். ஃபோர் வீல் லோ கியரில், நிதானமான ஆக்ஸிலேட்டரில், நடுவில் நிறுத்தாமல் போனால் ஹெச்.டி டயரே பல இடங்களைக் கடந்துவிடும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். 15-க்கும் கீழே இறக்கினால், திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்று வரக்கூடும். தார் ரோடு ஏறும் முன் மறுபடி காற்றை ஏற்றியே ஆக வேண்டும். காற்றுக் குறைந்த டயரோடு வேகமாகப் போனால் சூடேறி வெடிக்கும். அதனால் சின்ன ஏர் கம்ப்ரஸரும் காற்று அளக்கும் கேஜும் வண்டியிலேயே இருக்கட்டும்.

கடைக்குப் போகும் முன்...

1. ஒரு மாதம் டைரியில் குறித்துவையுங்கள். தார் ரோட்டில் எத்தனை கிலோ மீட்டர், மண்ணில் எத்தனை? பாதிக்கு மேல் தார் ரோடு என்றால் ஏ.டி போதும். வருடத்தில் பல மாதம் தினமும் சேற்றைத் தாண்டித்தான் வீட்டுக்கோ தோட்டத்துக்கோ போக முடியும் என்பவருக்கு மட் டயர் நியாயமான செலவு.

2. பட்ஜெட்டை ஐந்து டயருக்குப் போடுங்கள். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் வேறு விட்டத்தில் இருந்தால் கியர் பாகங்களுக்குச் சேதம். ஸ்டெப்னியும் அதே டயராக இருக்கட்டும்.

3. பக்கச் சுவரில் உள்ள குறியீட்டைப் பாருங்கள். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும். கம்பெனி டயரில் இருப்பதைவிடக் குறைந்த எண்ணை வாங்கக் கூடாது. அருகிலுள்ள எழுத்து வேக வரம்பு. மட் டயர்களில் பெரும்பாலும் Q என்ற ஆங்கில எழுத்து இருக்கும், அதன் வரம்பு மணிக்கு 160 கி.மீ.

4. தயாரித்த தேதியைக் கேளுங்கள். நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம். 'ஆஃபர்' என்று தரப்படும் டயர் கடையில் எத்தனை வருடம் கிடந்தது என்பதை இந்த எண் சொல்லிவிடும்.

5. பழைய டயரில் இன்னும் எவ்வளவு பட்டன் இருக்கிறது என்று பாருங்கள். கார்களுக்குச் சட்டப்படி குறைந்தபட்சம் 1.6 மி.மீ இருக்க வேண்டும். சேற்றுக்கு அது போதவே போதாது. பாதி தேய்ந்த மட் டயரைவிட, புதிய ஏ.டி டயர் சேற்றிலும் நம்பகமானது.

மட் டயர் போட்ட பிறகும் ஓட்டும் முறை மாற வேண்டும். முதல் மழையில் முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தைவிட இருமடங்கு இடைவெளி விடுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வீட்டில் அந்த வண்டியை வேறு யாராவது ஓட்டுவார்கள் என்றால், சாவியைக் கொடுக்கும்போதே இதையும் சொல்லிக்கொடுங்கள். புது டயரைப் பார்த்து, "இனி எங்கேயும் வழுக்காது" என்றுதான் அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.