பொன்னிறத் திராட்சையில் கந்தகப் புகை

தீபாவளியோ பொங்கலோ வந்தால் உழைப்பாளி வீட்டிலும் ஒரு வாய் பாயசம் உண்டு. அதில் போட ஐம்பது கிராம் உலர்ந்த திராட்சை வாங்கப் போகிறோம். கடையில் இரண்டு சாக்குகள். ஒன்றில் சரக்கு கறுத்துச் சுருங்கிக் கிடக்கிறது. மற்றதில் பொன்போல் மின்னுகிறது. மின்னுவதே நல்ல சரக்கு என்று நம்பி, கூடுதல் விலை கொடுக்கிறோம்.

அந்த மினுமினுப்பு எப்படி வந்தது?

மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டம் உலர் திராட்சைக்குப் பேர்போனது. அங்கே பழத்தைப் பொட்டாசியம் கார்பனேட்டும் எத்தில் ஓலியேட் எண்ணெயும் கலந்த நீரில் முக்கி, அடுக்குப் பந்தலில் நிழலில் காயவைக்கிறார்கள். பிறகு அறையில் அடைத்து, கந்தகத்தை எரித்துப் புகை போடுவதும் உண்டு. அந்தப் புகைதான் கந்தக டை ஆக்சைடு. அது பழத்தைக் கறுக்கவிடாது. பூஞ்சையையும் பூச்சியையும் அண்டவிடாது.

கந்தகமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பூஞ்சை பிடித்த பழத்திலும் விஷம் உண்டு. எவ்வளவு கந்தகம், அதை யார் சோதிப்பது என்பதே நம் கேள்வி.

வெளுத்த திராட்சையில் கிலோவுக்கு 1500 மில்லிகிராம் வரை இது இருக்கலாம் என்கிறது சர்வதேச உணவுத் தர விதி. ஆனால் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் அமைத்த நிபுணர் குழு, நாள்தோறும் உண்ணத்தக்க அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.7 மில்லிகிராம்தான் என்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாள் அளவு 10.5 மில்லிகிராம். உச்ச வரம்பில் உள்ள திராட்சை 10 கிராம் தின்றாலே 15 மில்லிகிராம் உள்ளே போய்விடும்!

ஒரு நாள் பாயசத்தால் எல்லோரும் படுத்துவிட மாட்டார்கள். ஆனால் ஆஸ்துமாக்காரர் சிலருக்குச் சிறிதளவே மூச்சை அடைக்கும். இப்படிச் சிலர் இறந்த பிறகுதான், 1986-இல் அமெரிக்க சர்க்கார் பச்சைக் காய்கறி, பழங்களில் இதைச் சேர்ப்பதற்குத் தடை போட்டது.

நம் நாட்டிலும் 2020-ஆம் ஆண்டு விதி இருக்கிறது: கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்பைட் இருந்தால் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும். பொட்டலம் வாங்குகிறவர் படித்துத் தெரிந்துகொள்கிறார். சாக்கிலிருந்து காகிதத்தில் மடித்து வாங்கும் கூலிக்காரருக்கு யார் சொல்வது? அவர் பிள்ளைக்கு மட்டும் வேறு மார்பா? கந்தக அறையில் புகையை விழுங்கும் தொழிலாளியின் மார்பை யார் பார்க்கிறார்கள்?

நாம் கேட்பது அதிகமில்லை. சில்லறைச் சாக்கின் மேலும் அந்த விவரம் எழுதப்பட வேண்டும். அதிகாரிகள் சந்தைச் சரக்கைச் சோதித்து, முடிவை ஜனங்கள் அறிய வெளியிட வேண்டும். புகை அறையில் வேலை செய்வோருக்குக் காற்றோட்டமும் முகக்கவசமும் வேண்டும்.

தோழர்களே! 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு ஒரு வழி தருகிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி, யாரும் சரக்கைச் சோதனைக்கு அனுப்பலாம். சரக்கு சட்டத்தை மீறியது என்று தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தனி ஆளுக்கு அந்தப் பணம் பாரம். சங்கத்துக்குப் பாரமல்ல. அடுத்த பண்டிகைக்கு முன்பே ஒவ்வொரு சங்கமும் தன் ஊர்க் கடைத்தெருவிலிருந்து ஒரு மாதிரியை அனுப்பட்டும்!