ஃபார்மட் போடுமுன் படியுங்கள்!



கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் நம்மில் பலருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். "ஃபார்மட் போட்டுடு!" தலைவலி என்று வந்தவனுக்குத் தலையையே மாற்றி அனுப்புகிற வைத்தியம் இது. திரையில் நான்கு வரி ஆங்கிலம் ஓடியதும் கை தானாக பவர் பட்டனுக்குப் போகிறது. அந்த நான்கு வரியில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கிறவர் எத்தனை பேர்? டிப்ளமோ படிக்கிற நாமே பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பது?

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உள்மையம் கெர்னல். மெமரியைப் பங்கிடுவது, டிஸ்க்கைப் படிப்பது, கீபோர்டு முதல் பிரிண்டர் வரை எல்லாவற்றையும் மேய்ப்பது அதன் வேலை. 1991-ல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கெர்னலின் மூல நிரல் இன்றும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்தே கிடக்கிறது. பெரும்பகுதி நாம் படிக்கிற 'சி' மொழிதான்! எங்கெல்லாம் தவறு நேரலாமோ அங்கெல்லாம் எழுதியவர் ஒரு வாக்கியம் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு 0 முதல் 7 வரை தரவரிசையும் உண்டு. 0 என்றால் இயந்திரமே இனி ஓடாது, 3 பிழை, 4 எச்சரிக்கை, 7 சோதனை செய்பவருக்கான குறிப்பு.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் மாறும்போது போகிறவர் வருகிறவருக்கு நோட்டில் எழுதி வைப்பார்: "மூணாம் நம்பர் மெஷின்ல பேரிங் சத்தம், பாத்துக்கோ." பிரஸ் ஷாப்பில் வேலை செய்யும் என் அப்பா பள்ளிப் படிப்பை முடிக்காதவர். ஆனால் அந்த நோட்டைப் பார்க்காமல் மெஷினில் கை வைக்கமாட்டார். கை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். கெர்னல் தருகிற செய்தியும் அப்படி ஒரு ஷிப்ட் நோட்டுதான். முகம் தெரியாத ஒருவர் நமக்காக எழுதி வைத்துவிட்டுப் போனது.

ஓர் உதாரணம். தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் தெரு அக்கா ஒருவர் அப்படி வந்த மடிக்கணினியில் லினக்ஸிலேயே டைப்பிங் வேலை செய்து வந்தார். ஒருநாள் அப்டேட் பாதியில் கரண்ட் போனது. அதன்பின் "கெர்னல் பேனிக்… அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்.எஸ்." என்று நின்றுவிட்டது. ஆவடியில் ஒரு கடையில் கொடுத்தார். ஒரே மணி நேரத்தில் ஃபார்மட்! ஐந்து வருடம் டைப் செய்து வைத்ததெல்லாம் போயிற்று.

அந்த வரி என்ன சொன்னது? 'ரூட் கோப்புகள் இருக்கும் இடத்தை என்னால் திறக்க முடியவில்லை' என்றுதான் சொன்னது. 'டிஸ்க் செத்துவிட்டது' என்று சொல்லவில்லை. பாதி அப்டேட்டில் பூட் கோப்பு சரியாக உருவாகாமல் போனாலும் இதே செய்தி வரும். கெர்னலை நாமே அமைக்கும்போது டிஸ்க் டிரைவரைச் சேர்க்க மறந்தாலும் வரும். அந்த அக்காவின் கதை முதல் வகை. பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பதுதான் முதல் படி. ஐந்து நிமிட வேலை. அதைக்கூட யாரும் செய்து பார்க்கவில்லையே!

இது சின்னக் கடை சமாச்சாரம் மட்டும் என்று எண்ண வேண்டாம். 2024 ஜூலை 19 அன்று சென்னை விமான நிலையம் உட்பட உலகெங்கும் விமானங்கள் தடைபட்டன. கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். காரணம், கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் விண்டோஸுக்கு அனுப்பிய ஒரு சின்ன அமைப்புக் கோப்பு. அந்தக் கோப்பு 21 உள்ளீடுகளை ஒப்பிடச் சொன்னது, நிரலிடம் இருந்ததோ 20. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடி, தனக்கு உரிமையில்லாத மெமரியில் கை வைத்தது. சாதாரண அப்ளிகேஷன் என்றால் அது மட்டும் மூடிக்கொண்டிருக்கும். இதுவோ கெர்னலுக்குள் ஓடுகிற டிரைவர். ஆகவே இயந்திரமே விழுந்தது. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றும், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன.

அதற்கு மருந்து என்ன தெரியுமா? ஃபார்மட் அல்ல! சேஃப் மோடில் போய் அந்த ஒரு கோப்பை நீக்குவது. பல இடங்களில் ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒரு ஆள் உட்கார்ந்து அதைச் செய்ய வேண்டியிருந்தது. அந்த ஆள் யார்? நம்மைப் போன்ற டெக்னீஷியன்தான் தோழர்களே!

"கஸ்டமர் அவசரப்படுத்துறாங்க, படிச்சிட்டு உட்கார்ந்தா பொழப்பு ஓடுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஃபார்மட் போட டிப்ளமோ எதற்கு? இரண்டு வாரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். நமக்கென்று ஒரு மதிப்பு வேண்டுமானால், மற்றவர் படிக்காததை நாம் படித்தாக வேண்டும்.

இன்னொரு பயம், ஆங்கிலம். தமிழ் மீடியத்தில் படித்து வந்த எனக்கும் அது உண்டு. ஆனால் கெர்னல் பேசுவது ஷேக்ஸ்பியர் ஆங்கிலம் அல்ல. ஃபெயில்டு, இன்வேலிட், அனேபிள், மிஸ்ஸிங், டைம் அவுட், அவுட் ஆஃப் மெமரி என்று ஐம்பது அறுபது சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். சினிமாப் பாட்டு மனப்பாடம் செய்கிற நமக்கு இது ஒரு பாரமா?

வார்த்தையை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். லினக்ஸின் பிரிண்டர் டிரைவரில் 'பிரிண்டர் தீப்பிடித்து எரிகிறது' என்ற பொருளில் ஒரு செய்தி உண்டு! அதைப் பார்த்து வாளித் தண்ணீரைத் தூக்க வேண்டாம். பேப்பர் தீரவில்லை, ஆஃப்லைனும் இல்லை, ஆனாலும் பிரிண்டர் கோளாறு சொல்கிறது என்றால் வருவது அது. பழைய காலத்து வேடிக்கை. அந்த வாக்கியத்தை மூல நிரலில் தேடி, எந்த 'இஃப்' நிபந்தனையின் கீழ் எழுதியிருக்கிறது என்று பார்த்தால் உண்மை புரிந்துவிடும். இந்த வசதி நமக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது.

எனவே மாணவர் பேரவைக்கு மூன்று கோரிக்கைகள். லேபில் ஒதுக்கிவைத்த பழைய கம்ப்யூட்டர்களில் இரண்டையாவது, கெடுத்துப் பார்த்துத் திருத்துவதற்கென்றே லினக்ஸ் போட்டுத் தர நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். பிராக்டிகல் ரெக்கார்டில் சரியான அவுட்புட் மட்டும் ஒட்டாமல், வந்த பிழைச் செய்தியையும் அதன் காரணத்தையும் எழுத ஒரு பக்கம் வேண்டும். அந்த ஐம்பது சொற்களைத் தமிழ் விளக்கத்தோடு அச்சிட்டு லேப் சுவரில் ஒட்ட வேண்டும். இந்த மூன்றாவதற்குப் பைசா கேட்க மாட்டேன். எழுதித்தர நான் தயார். கூட வர யார் தயார்?