பெயர் எழுதினால்தான் சோறு

சரக்கு வண்டியில் தானிய மூட்டைகள் வந்து இறங்குவதை ரயில்வேயில் வேலை செய்யும் நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம். அதில் பள்ளிப் பிள்ளைகளின் மதியச் சோறும் இருக்கிறது. நம் பிள்ளையின் பங்கும் அதில் உண்டா என்பதே கேள்வி.

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் எட்டாம் வகுப்பு வரை மதிய உணவு உண்டு. அதற்கான தானியத்தை மத்திய அரசு இந்திய உணவுக் கழகக் கிடங்கிலிருந்து இலவசமாகத் தருகிறது. ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம். ஆறு முதல் எட்டு வரை 150 கிராம். சமைத்த உணவே போடவேண்டும் என்று 2001-ல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2013-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை உரிமையாக்கியது. இது யாரும் போடும் பிச்சையல்ல!

ஒதுக்கீடு எப்படி நடக்கிறது? மாநில அரசு ஆண்டுத் திட்டம் தயாரித்து டெல்லிக்கு அனுப்புகிறது. பதிவேட்டில் எத்தனை பேர், முந்தைய ஆண்டில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று பார்த்தே தானியம் அளக்கப்படுகிறது. இண்டெண்டில் இல்லாத மூட்டை வண்டியில் ஏறாது. பதிவேட்டில் இல்லாத பிள்ளைக்கும் அதே கதிதான்.

இங்கேதான் நாம் அடிபடுகிறோம். வேலை கிடைக்கும் மாதத்தில் ஊரைவிட்டு வருகிறோம். சென்ற ஆண்டு, கட்டட வேலை செய்யும் ஒரு சகோதரி நவம்பரில் தன் இரு பிள்ளைகளையும் பள்ளிக்கு அழைத்துப் போனார். "டி.சி. இல்லையா? ஜூனில் வா" என்று திருப்பிவிட்டார்கள். சங்கத்தார் ஐந்து பேர் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனோம். மறுநாளே பெயர் ஏறியது. டி.சி. வரத் தாமதமாகிறது, வயதுச் சான்று இல்லை என்று காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம்.

நம் பக்கமும் தவறு உண்டு. கடன் வாங்கியாவது பிள்ளையைத் தனியார் ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கிறோம். அரசு உதவி பெறாத அந்தப் பள்ளிக்கு இந்தத் தானியம் கிடையாது. அரசுப் பள்ளியின் எண்ணிக்கையும் குறைகிறது. அதோடு ஒதுக்கீடும் குறைகிறது. 1982-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய சத்துணவைச் சாப்பிட்டுப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தச் சோற்றுக்கு நாம் வெட்கப்படலாமா?

அரசுக்கு எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: பிழைப்புக்காக இடம் மாறும் குடும்பங்களின் பிள்ளைகளை ஆண்டின் நடுவிலும் கணக்கெடுங்கள், அதற்கேற்பத் தானியத்தைக் கூட்டி அனுப்புங்கள்.

தாய்மார்களே, தோழர்களே! புது ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகப் பிள்ளையின் பெயரைப் பள்ளியில் எழுதுங்கள். திருப்பி அனுப்பினால் சங்கத்துக்கு வாருங்கள். சேர்ந்தே போவோம்.