பேரேட்டை மூடுவதா, திறந்தே வைப்பதா?

இந்த வயதில் கணினியைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று சிரிக்காதீர்கள். என் மகன் ஐபிஎம் கணினியில் ஆர்.பி.ஜி. என்ற மொழியில் நிரல் எழுதுகிறவன். 1959-இல் வந்த மொழி. வணிகக் கணக்குகளுக்கு இன்றும் ஓடுகிறது. போன வாரம் கூட வேலை செய்பவரோடு போனில் ஒரே வாக்குவாதம். விசாரித்தேன். அட, இது எங்கள் ஆபீஸ் சண்டையாயிற்றே!

அந்த மொழியில் எல்.ஆர்., அதாவது 'கடைசிப் பதிவு' என்று ஓர் அடையாளம் உண்டு. நிரல் வேலை முடிந்து திரும்பும்போது அதைப் போட்டுவிட்டால், திறந்த கோப்புகள் மூடப்படும். அடுத்த முறை கூப்பிட்டால் எல்லாம் முதலிலிருந்து. பத்தாயிரம் பில்லுக்கு வரி போட, பத்தாயிரம் முறை திறந்து மூடினால் நேரம் என்னாவது? போடாமல் திரும்பினால் கோப்பு திறந்தே இருக்கும், அடுத்த அழைப்பு வேகமாக முடியும். ஆனால் பழைய எண்களும் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். நண்பருக்கு வேகம் வேண்டும், மகனுக்குச் சுத்தம் வேண்டும்.

நாங்களும் ஒவ்வொரு மனுதாரருக்கும் பேரேட்டை பீரோவில் வைத்துப் பூட்டியதில்லை. பூட்டினால் வரிசை தெருவரை நிற்கும். காலையில் விரித்தால் மாலைவரை மேசையில்தான். ஒருநாள் ஒரு விதவை அம்மாவின் ஓய்வூதிய நிலுவையைப் போட்டபோது, முந்தைய ஆளின் பிடித்தத் தொகை குறிப்புத் தாளில் அப்படியே நின்றுவிட்டது. அடிக்க மறந்தவன் நான்தான். இரண்டு மாதம் அந்த அம்மா குறைந்த பணத்தை வாங்கிப் போனார். கேட்கவே தயங்கினார்.

பேரேடு திறந்திருந்தது தப்பில்லை. தாளைத் துடைக்காததுதான் தப்பு. பிரெஞ்சுப் பள்ளியில் எங்கள் முஸ்யே, சிலேட்டைத் துடைக்காமல் அடுத்த கணக்கைத் தொட்டவனை எழுப்பி நிறுத்துவார். அன்று அவர் நினைவுதான் வந்தது.

ஆகவே என் தீர்ப்பு: கோப்பு திறந்தே இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு அழைப்பிலும் முதல் வேலை பழைய எண்களைத் துடைப்பது. திருத்த எடுத்த பதிவை உடனே விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் மற்றவர்கள் அதற்காகக் காத்துக் கிடப்பார்கள். எல்லாம் முடிந்தபின், கூப்பிட்ட நிரலே கடைசியாக ஒருமுறை கூப்பிட்டு 'மூடு' என்று சொல்லட்டும். அப்போது எல்.ஆர். போட்டால் போதும்.

"அப்பா, நாங்கள் பத்து நாளாகப் பேசுவது இதைத்தான்" என்றான் மகன். பேசுவது இருக்கட்டும். அந்த முதல் வரியை எழுதிவிட்டாயா என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.