மனநோயும் புது மருந்துகளும்

2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றி எரிந்தது. சங்கிலியால் கட்டுண்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களைப் போன்றவர்களின் வியாதிக்கு மருந்து கண்டுபிடித்து அப்போது அரை நூற்றாண்டு கழிந்திருந்தது. மருந்து இருந்தும் சங்கிலி ஏன் இருந்தது? இந்தக் கேள்வி இன்றும் தீரவில்லை.

1952-ம் வருஷத்தில் பாரிஸ் நகரத்து ஸேன்ட் ஆன் ஆஸ்பத்திரியில் டிலே, டெனிக்கர் என்ற இரு வைத்தியர்கள் குளோர்ப்ரோமஸின் என்ற மருந்தைச் சித்தம் கலங்கியவர்களுக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள். அது வேலை செய்த விதம் பின்னரே விளங்கிற்று. மூளையில் டோபமின் என்னும் பொருள் நரம்புக்கு நரம்பு செய்தி கொண்டு செல்கிறது. மனச்சிதைவு நோயில் அதன் வேகம் சில பாகங்களில் மிகுந்துவிடுகிறது. இல்லாத குரல் கேட்கிறது, ஆதாரமற்ற சந்தேகம் வேரூன்றுகிறது. செய்தி நுழையும் வாயிலை மருந்து அடைக்கிறது. ஆனால் உடல் அசைவை ஆளும் பாகத்திலும் அதே வாயில் அடைபடுவதால் கை நடுங்குகிறது, உடல் விறைக்கிறது.

இக்குறையைப் போக்க வந்தவையே ரிஸ்பெரிடோன், ஒலான்ஸபின் முதலிய புது மருந்துகள். இவை டோபமினோடு செரோட்டோனின் என்ற மற்றொரு பொருளின் வேலையையும் தடுக்கின்றன. 2002-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அரிப்பிப்ரஸோல் வாயிலை முழுதும் அடைக்காமல் பாதி திறந்தே வைக்கிறது. இவற்றால் நடுக்கம் குறைந்தது மெய். ஆனால் ஒலான்ஸபின் போன்றவற்றால் உடல் பருத்து நீரிழிவு வருவதும் மெய்யே. 2005-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில் 1,493 நோயாளிகள் சேர்ந்தனர்; அவர்களில் நூற்றுக்கு 74 பேர் தமக்குக் கொடுத்த மருந்தைப் 18 மாதம் முடியுமுன்பே விட்டுவிட்டனர். பழைய மருந்தாகிய பெர்பெனஸின் அங்கே புதியவற்றுக்குப் பெரிதும் பிற்படவில்லை. புதியது என்பதனாலேயே ஒரு மருந்து சிறந்ததாகிவிடாது; இன்ன நோயாளிக்கு இன்னது என்று ஆராய்ந்து கொடுப்பதே வைத்தியம்.

எனினும் ஒரு மருந்தைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டும். அது குளோஸபின். வேறு இரண்டு மருந்துகளைத் தக்க அளவில், தக்க காலம் கொடுத்தும் குணம் காணாதவர்களுக்கு உரியது. 1975-ல் பின்லாந்தில் இதை உட்கொண்டவர்களில் எட்டுப் பேர் இரத்தத்தின் வெள்ளணுக்கள் அற்றுப்போய் இறந்ததால் பல தேசங்களில் இது ஒதுக்கப்பட்டது. 1988-ல் அமெரிக்காவில் மற்ற மருந்துகளுக்கு அடங்காத 268 நோயாளிகளிடம் சோதித்தபோது, குளோர்ப்ரோமஸினால் நூற்றுக்கு 4 பேரும் குளோஸபினால் 30 பேரும் தேறினர். அடுத்த வருஷமே, இரத்தப் பரிசோதனை கட்டாயம் என்ற நிபந்தனையுடன் அங்கே அனுமதி கிடைத்தது. வெள்ளணு அபாயம் நூற்றில் ஒருவருக்கும் குறைவானவருக்கே நேர்கிறது. பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான். ஆரம்பத்தில் வாரந்தோறும், பிறகு இடைவெளி விட்டு இரத்தம் பார்த்து வந்தால் முன்கூட்டியே அறிந்து மருந்தை நிறுத்திவிடலாம்.

"ஏழை நோயாளி வாரந்தோறும் இரத்தப் பரிசோதனைக்கு எங்கே போவான்?" என்று சிலர் கேட்கக்கூடும். சாதாரணக் காய்ச்சலுக்கும் செய்யும் பரிசோதனைதான் இது. கஷ்டம் பரிசோதனையில் இல்லை. நோயாளி நாற்பது மைல் பிரயாணம் செய்ய வேண்டியிருப்பதில் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் குறைப்பது சர்க்காரின் கடமை. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடுக்கிறது. அத்தியாவசிய மருந்துகளைச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கவும் சொல்லுகிறது. மருந்தைக் கொடுத்து, அதைக் கண்காணிக்கும் வசதியைக் கொடாவிட்டால் அது பாதிச் சட்டமே.

ஆகையால் ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் குளோஸபின் கிடைக்க வேண்டும். அங்கேயே இரத்த அணுக்களை எண்ணவும், எடையும் சர்க்கரையும் பார்க்கவும் வேண்டும். குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. நோயாளி தேறிவிட்டான் என்று மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குளோஸபின் உண்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை நோவோ கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். மலச்சிக்கலையும் அற்பமென்று விட்டுவிடாதீர்கள்.

சங்கிலி கூடாது என்று சட்டம் எழுதியாயிற்று. சங்கிலியை அவிழ்த்த கையில் மருந்தும், அதைக் கவனிக்கும் வைத்தியரும் வந்து சேரும் வரையில் ஏர்வாடியில் மாண்டவர்களுக்கு நாம் பட்ட கடன் தீராது.